மரகதம், அஞ்சு மணி

ஜன்னல் ஷட்டரை இறக்கிடட்டுமாக்கா? வெயில் உங்க மூஞ்சியிலதான் அடிக்குது. இறக்கினா புழுங்குமா, சரி, பாதி இறக்குறேன். பாதியில நிக்க மாட்டேங்குது. விடுங்க, இப்படியே இருக்கட்டும். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிறேன், உள்ள ஒரு சாமான் இருக்கு, கண்ணாடி வச்சது. இல்ல, மடியிலயே வச்சுக்கிறேன். பஸ்ஸு தூக்கிப் போட்டா உடைஞ்சாலும் உடைஞ்சுடும்.

நீங்க எங்க இறங்கணும்? திருமயமா. நான் காரைக்குடி. நைட் டூட்டி முடிச்சுட்டு வர்றீங்களா? அதான் கண்ணு செவந்து கிடக்கு. நர்ஸுங்களைப் பார்த்தா நான் கண்டுபிடிச்சுடுவேன், கைல வாட்ச்சைத் திருப்பிக் கட்டியிருப்பீங்க. தூங்குங்கக்கா, தூங்குங்க. என்னால ஒரு தொந்தரவும் இருக்காது. தூங்குறவங்க அருமை எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா நாலு பேரு தூக்கத்துக்கு நான்தான் பொறுப்பு. நாலு இல்ல, மூணு. முதல்ல நாலு பேரு இருந்தோம், சுகந்தின்னு ஒருத்தி மூணே மாசத்துல வேற வீடு பார்த்துட்டுப் போயிட்டா. அவளுக்கு ஒழுங்கு ஆகாது.

திருச்சியில எம்.எஸ்ஸி படிச்சேன்க்கா, கெமிஸ்ட்ரி. போன மாசம்தான் முடிஞ்சுது. ஹாஸ்டல்ல இடம் கிடைக்காததுங்க எல்லாம் சேர்ந்து காலேஜுக்குப் பின்னாடி சந்துல ஒரு வீட்டு மாடியை எடுத்திருந்தோம். ஒரு ஹாலு, ஒரு அடுப்படி, மொட்டை மாடியில பாத்ரூம். நான், நஸ்ரின், மரகதம். நஸ்ரினுக்கு அறந்தாங்கி. மரகதத்துக்குக் காரைக்குடிகிட்ட ஒரு ஊரு, இப்ப நான் போறது அவளைப் பார்க்கத்தான். மரகதவல்லின்னு பேரு. நான் தமயந்தி, துறையூரு.

அவ ஏன் ஊருல இருக்கான்னு கேட்டீங்கன்னா, அது ஒரு கதை. பெரிசா ஒண்ணும் இல்ல. அவளுக்கு மெட்ராஸ்ல பி.எச்டி சேர்றதுக்கு இன்டர்வியூ வந்துச்சு. காலையில ஆறே முக்காலுக்கு ரயிலு. அஞ்சு மணிக்கு எழுப்பச் சொன்னா. நான் மூணு தடவை எழுப்புனேன். அவ எழுந்திரிக்கல. ரயிலை விட்டுட்டா. இன்டர்வியூ போச்சு. அவ்வளவுதான் நடந்தது. இதுல என்மேல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க.

இல்லையில்ல, தப்புன்னு யாரும் சொல்லல. யாருமே ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கேக்குறேன்.

நீங்க தூங்கணும்னா தூங்குங்க. இதை மட்டும் கேட்டுட்டுத் தூங்குங்க, கீரனூரு வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்.

எங்கப்பாவுக்குப் பால் சொசைட்டியில வேலைக்கா. நாலு மணிக்குப் பால் ஊத்த ஆளுங்க வந்துடுவாங்க. நான் பொறந்ததிலேர்ந்து கேன் சத்தத்துலயே முழிச்சுப் பழகிட்டேன். எங்க போய்ப் படுத்தாலும் நாலு, நாலரைக்கு டாண்ணு கண்ணு திறந்துடும். அதுக்கப்புறம் புரண்டு படுக்கிற வேலையே கிடையாது. எங்க வீட்டுல எல்லாம் ஆறு மணிக்கு மேல பாயில கிடந்தா காய்ச்சல்னு நினைச்சுக்குவாங்க.

இங்க வந்து பார்த்தா நஸ்ரின் போன்ல அலாரம் வைப்பா. அஞ்சுக்கு அடிக்கும், தட்டுவா. அஞ்சு பத்துக்கு அடிக்கும், தட்டுவா. இப்படியே ஏழு வரைக்கும் ஓடும். அவ மட்டும் தூங்குவா, ஊரே முழிச்சிருக்கும். ஒரு நாள் ஹவுஸ் ஓனரம்மா மாடி ஏறி வந்துட்டாங்க. "பொம்பளப் புள்ளைங்க, படிக்கிற புள்ளைங்கன்னு வீடு குடுத்தேன். தலைக்கு மேல மணி அடிச்சுக்கிட்டே இருந்தா பிரஷர்காரி நான் என்ன பண்றது"ன்னு நின்னாங்க. நான்தான் பேசி அனுப்பினேன். அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே இந்த வீட்ல அலாரம் கிடையாது, போனும் சரி, கடிகாரமும் சரி. யாருக்கு எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணுமோ எழுதி வச்சுட்டுப் படுங்க, நான் எழுப்பிவிடுறேன்.

கதவுக்குப் பின்னாடி ஒரு ஆணி. தேதி கிழிக்கிற காலண்டர் இருக்குல்ல, அதுல கிழிச்ச தாளைத் திருப்பி, பேரு போட்டு மணி போட்டு ஆணியில குத்திட்டுப் படுக்கணும். நஸ்ரின் ஆறு. மரகதம் அஞ்சரை. இப்படி. ரெண்டு வருஷம்க்கா. ஒரு நாள் தப்பினதில்ல. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட எழுப்பிவிட்டுட்டுத்தான் படுத்தேன். எழுதாம விட்ட நாளும் எழுப்புவேன், மறந்திருப்பாங்கன்னு. ஞாயித்துக்கிழமைகூட. நஸ்ரின் கத்துவா. கத்தினாலும் எழுந்துட்டால்ல. என் பேரே அலாரம்னு வச்சுட்டாளுங்க. காலேஜ்ல எல்லாம் "உங்க வீட்டு அலாரம் வருது பாரு"ன்னு சொல்லுவாங்களாம். பிரியம்தான். பிரியம் இல்லாம பேரு வைப்பாங்களா.

எழுப்புறதுலயும் ஒவ்வொருத்திக்கு ஒரு பக்குவம் இருக்குக்கா. நஸ்ரினை எழுப்ப ஃபேனை நிறுத்தணும், லைட்டைப் போடணும், தண்ணி தெளிக்கணும். அதுக்கும் அசையலேன்னா காலைப் புடிச்சு இழுக்கணும். மரகதத்துக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு குரல் போதும். வாசல்ல நின்னு "மரகதம்"னா போதும், எழுந்து உக்காந்துடுவா. பாயைச் சுருட்டிட்டுத்தான் கண்ணையே திறப்பா.

என்னக்கா?

ஆமா, ஒரு குரல்தான். அன்னைக்கு மட்டும் அப்படி ஆயிப்போச்சு. உடம்பு அசதியா இருந்திருக்கும். நீங்க நர்ஸு, உங்களுக்குத் தெரியாததா.

இந்தச் சீட்டுல காலை நீட்டவே முடியல பாருங்க. என்ன மணி ஆகுது? இப்பதான் மாத்தூரா. நான் புதுக்கோட்டை வந்திருப்போம்னு நினைச்சேன். எனக்கு இப்பல்லாம் உக்கார முடியறதில்லக்கா, ஒரு இடத்துல. தூக்கமும் சரியில்ல. இந்த இருபது இருபத்தஞ்சு நாளா ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துடுது. சூடுன்னு நினைக்கிறேன். இளநீர் குடிச்சுப் பார்த்தேன். அதுக்கு மாத்திரை ஏதாவது இருக்கா? மனசுல ஏதாவதான்னா, மனசுல ஒண்ணும் இல்ல.

அந்த இன்டர்வியூவுக்கு நானும்தான் எழுதிப் போட்டிருந்தேன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே தபாலாபீஸ்ல போட்டோம். அவளுக்கு வந்துச்சு, எனக்கு வரல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சும்மா சொல்றேன். அவ என்னைவிட மார்க் அதிகம், வரவேண்டியதுதான். நான்தான் அவ இன்டர்வியூவுக்குக் கட்டிட்டுப் போற புடவைக்கு ஃபால்ஸ் தைச்சுக் குடுத்தேன். அவ மெட்ராஸ் போயிடுவா, நஸ்ரின் பி.எட் சேர்ந்துடுவா, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணணும். எனக்கு மட்டும் ஒண்ணும் முடிவாகல. பரவாயில்ல, ஏதாவது அமையும்.

விஷயத்துக்கு வர்றேன். திங்கக்கிழமை இன்டர்வியூ. நஸ்ரின் வெள்ளிக்கிழமையே சாமானைக் கட்டிட்டு ஊருக்குப் போயிட்டா. வீட்ல நானும் மரகதமும்தான். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அவ குளிக்கப் போயிருந்தா. எனக்கு ஒரு சேஃப்டி பின் வேணும்னு அவ பையில கையை விட்டேன். ஒரே வீட்ல இருக்கோம், கேட்டுட்டா எடுப்பாங்க. அடியில பேப்பர்ல சுத்தி ஏதோ உருண்டையா இருக்கு. பிரிச்சுப் பார்த்தேன். அலாரம் கடிகாரம்க்கா. செவப்புக் கலரு, தலையில ரெண்டு மணி, நடுவுல சின்னச் சுத்தியலு. புத்தம் புதுசு.

பொய் சொல்லல, அழுகையே வந்துடுச்சு. ரெண்டு வருஷம் ஒரு நாள் தவறாம எழுப்பியிருக்கேன். முக்கியமான நாளுன்னு வந்ததும் என்னை நம்பாம கடையில போய்க் கடிகாரம் வாங்கி, அதையும் பேப்பர்ல சுத்தி, எனக்குத் தெரியாம அடியில வச்சிருக்கா. என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன். சொல்லியிருப்பேன், வீட்ல அலாரம் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு இருக்குல்ல. இருந்தாலும் சொல்லணுமா இல்லையா.

அப்படியே சுத்தி, இருந்த இடத்துல வச்சுட்டேன். ஒரு வார்த்தை கேக்கல. அவ குளிச்சுட்டு வந்தா, ஒண்ணும் தெரியாதவ மாதிரி காலண்டர் தாளைக் கிழிச்சா, எழுதினா. மரகதம், அஞ்சு மணி. அடியில ரெண்டு கோடு போட்டா. போட்டுட்டு என் தாடையைப் புடிச்சுக்கிட்டு, "தமா, நாளைக்கு மட்டும் விட்டுடாதடி, உன்னை நம்பித்தான் படுக்குறேன்"னா. எப்படி நடிக்கிறா பாருங்கன்னு நினைச்சேன். சரின்னேன். வேற என்ன சொல்றது.

காலையில எனக்கு நாலு இருபதுக்கே முழிப்பு வந்துடுச்சு. குளிச்சேன். அஞ்சு ஆச்சு. கடிகாரம் அடிக்குதான்னு பார்த்தேன். அடிக்கல. சரி, அஞ்சு பத்துக்கு வச்சிருப்பான்னு அடுப்படியில போய் டீ போட்டேன். ஒரு டம்ளருதான் போட்டேன். திரும்பி வந்து அவ தலைமாட்டுலயே உக்காந்து குடிச்சேன். அஞ்சரை ஆச்சு. ஆறு ஆச்சு. கீழ தெருக்குழாயில நல்ல தண்ணி ஆறு மணிக்குத்தான் வரும், அன்னைக்கு எங்க வீட்டு முறை. விட்டா ரெண்டு நாளைக்குத் தண்ணி இல்ல. எவர்சில்வர் குடம் ரெண்டு, அவ கால்மாட்டுலதான் கவுத்து வச்சிருக்கும். ஒண்ணோட ஒண்ணு இடிச்சா ஊரையே கூட்டும். அதனால ஒண்ணு ஒண்ணா எடுத்து வெளிய வச்சுட்டு, கதவை மெதுவா சாத்திட்டு இறங்கிப் போனேன்.

ஆமாக்கா, குடத்தை மெதுவாத்தான் எடுத்தேன். தூங்குறவ பக்கத்துல எதுக்குச் சத்தம் போடணும்.

என்ன, அப்படிப் பாக்குறீங்க.

எப்ப எழுப்புனேனா? அதான் சொன்னேனே, மூணு தடவை. அஞ்சு மணிக்கு, அப்புறம் இடையில. டீ குடிக்கும்போது. அதெல்லாம் கணக்கு வச்சுக்கிட்டா இருப்பாங்க. நீங்க வேற.

அவ ஏழே காலுக்கு எழுந்தா. நான் குக்கர் வச்சேன், விசில் சத்தத்துல எழுந்துட்டா. ஜன்னல்ல வெயிலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "மணி என்னடி?"ன்னா. சொன்னேன். கதவுக்குப் பின்னாடி தாளைப் பார்த்தா, அது அங்கதான் தொங்குது. "எழுப்புனியா?"ன்னா. "மூணு தடவை எழுப்புனேன், நீ எழுந்திரிக்கல"ன்னேன்.

கத்துவான்னு பார்த்தேன். திட்டுவான்னு பார்த்தேன். எழுந்து புடவையைச் சுத்திக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினா. மெட்ராஸ் போய்ச் சேர்றப்ப மூணே முக்காலாம், எல்லாம் முடிஞ்சு அந்த ரூமைப் பூட்டிட்டாங்களாம். மறுநாளு அவங்கப்பா வந்தாரு கூட்டிட்டுப் போக. ரேஷன் கடையில எடை போடுறவரு, சாதுவான மனுசன். அவரு திட்டக்கூட இல்ல. "அஞ்சு மணிக்கு எழுந்திரிக்க முடியாத புள்ளை, மெட்ராஸ்ல போய்த் தனியா எப்படிம்மா இருக்கும்"னு என்கிட்ட கேட்டாரு. இவ பக்கத்துல நின்னு "ஆமாப்பா"ங்குறா. பொட்டியைத் தூக்கிட்டுப் போகும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நீ மூணு தடவை எழுப்பியும் பொணம் மாதிரி கிடந்திருக்கேன், உனக்குத்தான்டி சிரமம்"னா. அப்படியே சொன்னாக்கா. உனக்குத்தான் சிரமம்னு.

கீரனூரு வந்துடுச்சு. வெள்ளரிப் பிஞ்சு வேணுமா? எனக்கும் வேண்டாம். ஒண்ணும் இறங்க மாட்டேங்குது.

இன்னும் கேளுங்க. அவ போனப்புறம் என் அலமாரியில பார்த்தா அந்தக் கடிகாரம் இருக்கு. பேப்பரோட. என் சுடிதாருக்கு மேல வச்சுட்டுப் போயிருக்கா. நஸ்ரினுக்குப் போன் போட்டேன். "உன் சிநேகிதி பண்ணின வேலையைப் பார்த்தியா, எனக்குத் தெரியாம கடிகாரம் வாங்கி வச்சிருந்திருக்கா"ன்னேன். அதுக்கு அவ சொல்றா, "லூசு, அது உனக்கு வாங்கினதுடி. நானும் அவளும் போய்த்தான் வாங்கினோம். நீ நடு ராத்திரியில எல்லாம் முழிச்சு முழிச்சு மணி பார்க்குறேன்னு மரகதம்தான் சொன்னா. நாங்க போனப்புறமாவது அது முழிக்கட்டும், நீ தூங்குன்னு சொல்லிக் குடுக்கலாம்னு இருந்தோம். இன்டர்வியூ முடிஞ்சு வந்து குடுக்கிறேன்னா"ன்னு.

எனக்கு அதுவும் சரின்னு படல. ஒருத்தருக்குப் பரிசு குடுக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லணுமா வேண்டாமா? பையடியில ஒளிச்சு வச்சா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? திருப்பிப் பார்த்தா பேட்டரிகூடப் போடல, தனியா ஒரு கவர்ல கிடக்கு. பேட்டரி இல்லாத கடிகாரம் எப்படி அடிக்கும். அதைத்தான் இப்ப பையில வச்சிருக்கேன், திருப்பிக் குடுத்துடலாம்னு. எனக்கு எதுக்கு.

அதுக்காக மட்டும் போகல. ஒரு லெட்டர் வந்திருக்கு. அந்த இன்டர்வியூவுல எடுத்த ஆளு ஒருத்தரு சேரலையாம். வராம விட்டவங்களுக்கு இன்னொரு தடவை குடுக்குறாங்க. வர்ற திங்கக்கிழமை. லெட்டரு திருச்சி அட்ரஸுக்கு வந்துச்சு. உடனே போன் போட்டுச் சொன்னேன்க்கா, ஒரு நிமிஷம் தாமதிக்கல. அவ வேண்டாம்ங்குறா. "மறுபடி தூங்கிடுவேன்டி. என் தூக்கத்தை நானே நம்ப மாட்டேன். அப்பாவும் வேண்டாம்ங்குறாரு, அவரு சொல்றதும் சரிதான்"ங்குறா. இப்பல்லாம் அவங்கம்மாவைப் பக்கத்துல படுக்கச் சொல்றாளாம், சேலை நுனியை அம்மா கையில கட்டிக்கிட்டுப் படுக்குறாளாம், எழுந்திரிக்க முடியாமப் போயிடும்னு. ஒரு குரலுக்கு எழுந்திரிக்கிறவ.

அதான், நேர்ல போய் லெட்டரைக் கையில குடுத்தா மனசு மாறும்னு கிளம்பிட்டேன். என்ன சொல்லி மாத்துறதுன்னு தெரியல. "நீ ஒண்ணும் தூங்குமூஞ்சி இல்லடி"ன்னு சொல்லணும். எப்படித் தெரியும்னு கேப்பா.

ஏன்க்கா, ஜன்னல் பக்கமே பாக்குறீங்க?

இந்தாங்க, புதுக்கோட்டை வந்துடுச்சு. எவ்வளவு கூட்டம் பாருங்க ஏறுது. உள்ள தள்ளி உக்காருங்க. உங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு, கண்ணை மூடுங்க. கண்டக்டரை எதுக்குக் கூப்பிடுறீங்க? டிக்கெட் எடுத்தாச்சே.

ஓ.

திருமயம் வந்தா எழுப்பிவிடச் சொல்றீங்களா. அவருகிட்டயா.

நான்தான் பக்கத்துலயே முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேனேக்கா. அவரு இத்தனை கூட்டத்துல டிக்கெட் கிழிப்பாரா, உங்களை ஞாபகம் வச்சிருப்பாரா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. இல்ல, கோவம் எல்லாம் இல்ல. தூங்குங்க. நான் பேசல.

பேசல.

தூங்கிட்டீங்களா?

தூங்கிட்டாங்க. வாயைக்கூடத் திறந்துக்கிட்டு. ராத்திரியெல்லாம் யாரு யாருக்கு ஊசி போட்டுட்டு வந்தாங்களோ. நான் வேற கீரனூரு வரைக்கும்னு சொல்லிட்டுப் புதுக்கோட்டை வரைக்கும் விடல.

ஏன்க்கா அவருகிட்ட சொன்னீங்க? ரெண்டு வருஷம் எழுப்பியிருக்கேன். கணக்குப் போட்டா எத்தனை நாளு வருது. ஒரே ஒரு நாளு. அந்த ஒரு நாளை வச்சு நீங்க என்னை எடை போட்டுட்டீங்க. ஒண்ணே கால் மணி நேரம்தான் என்னைத் தெரியும் உங்களுக்கு. அவ ரெண்டு வருஷம் கூட இருந்தா, அவ நம்பினா. நான் மூணு தடவைன்னு சொன்னதும் நம்பினா. ஒரு கேள்வி கேக்கல. நீங்க குடத்தைக் கேட்டீங்களே, அவ கேக்கலக்கா. தண்ணிக் குடம் ரெண்டும் நிறைஞ்சு அவ கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு.

நான் எழுப்பல.

தூங்குறீங்கள்ல. சரி. எழுப்பலக்கா. ஒரு தடவைகூடக் கூப்பிடல. நீதான் கடிகாரம் வாங்கினியே, அதுவே எழுப்பட்டும்னு உக்காந்திருந்தேன். அஞ்சரைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு பேரு. முழுங்கிட்டேன். அவ சிரிச்சுக்கிட்டே தூங்கினா. புடவை மடிச்சுத் தலைமாட்டுல இருக்கு, நான் ஃபால்ஸ் தைச்ச புடவை. நான் நினைச்சேன், அஞ்சே முக்காலுக்கு எழுப்பலாம், அவசர அவசரமா ஓடட்டும், அப்பத் தெரியும் என் அருமைன்னு. அஞ்சே முக்காலும் ஆச்சு. அப்புறம் ஆறு. அப்புறம் எழுப்பினா "ஏன்டி இவ்வளவு நேரம்"னு கேப்பாளேன்னு குடத்தைத் தூக்கிட்டேன். தண்ணி வரிசையில நின்னுக்கிட்டே யோசிச்சேன், ஓடிப் போய் எழுப்பினா ஆட்டோ புடிச்சுப் போயிடுவான்னு. எனக்கு முன்னாடி ரெண்டே குடம்தான் இருந்துச்சு. முறை போயிடும்னு நின்னேன்.

முறைக்காக நிக்கல.

இதை அவகிட்ட சொன்னா அவ போவா. திங்கக்கிழமை ரயிலு ஏறிடுவா. தன்மேல தப்பில்லேன்னு தெரிஞ்சா அவங்கப்பாகிட்டயும் பேசுவா. ஆனா என்கிட்ட பேச மாட்டா. அப்புறம் எனக்கு யாரு இருக்கா, நீங்களே சொல்லுங்க. சுகந்தி போனா, நஸ்ரின் போன் எடுக்க மாட்டேங்குறா. லெட்டரைக் குடுத்துட்டு, கடிகாரத்தையும் குடுத்துட்டு, "பேட்டரி போட்டுக்கடி, இது எழுப்பும்"னு சொல்லிட்டு வந்துடலாம்னுதான் பஸ் ஏறுற வரைக்கும் நினைச்சேன். போதாதா அது? லெட்டரைப் பார்த்தா போகாமலா இருப்பா?

போக மாட்டா. எனக்குத் தெரியும்.

கண்டக்டரு பின்னாடிப் படிக்கட்டுல யாருகிட்டயோ சில்லறைக்குச் சண்டை போட்டுட்டு இருக்காரு. நமணசமுத்திரம் தாண்டியாச்சு. அந்தா, கோட்டை தெரியுது. என்ன இவரு, திருமயம்னு ஒரு குரல்கூடக் குடுக்கல. கதவுகிட்ட ரெண்டு பேரு எழுந்து நிக்கிறாங்க, அவங்க இறங்கினதும் எடுத்துடுவாரு. இவங்க அவருகிட்டதான் சொன்னாங்க. என்கிட்ட சொல்லல. என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல.

பஸ்ஸு நிக்குது.

அக்கா.

பார்த்து, பார்த்து, மெதுவா எழுந்திரிங்க. திருமயம்தான். ஹோல்டான், ஆளு இறங்கணும். பையை எடுத்துக்கிட்டீங்களா, தண்ணி பாட்டிலு சீட்டுல இருக்கு, இந்தாங்க. கண்டக்டரு இல்லக்கா, நான்தான் கூப்பிட்டேன்.

என்னது? ரொம்ப நேரமா எழுப்புனேனா?

இல்லக்கா. ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.